சாயங்காலம் ஏழு மணிக்கு யாரு கரன்ட் தருவா?

ராத்திரி பத்து மணி. ஏ.சி.யை 24-ல் வைத்துவிட்டு போர்வைக்குள் புகுந்துவிட்டீர்கள். காலையில் அலாரத்தின் தலையில் தட்டிவிட்டு நீங்கள் புரண்டு படுப்பதற்குள் அந்த ஏ.சி. ஏறக்குறைய எட்டு யூனிட் கரன்ட்டைக் குடித்திருக்கும். அத்தனையும் அனல்மின் நிலையத்திலிருந்தே வந்தது என்று வைத்துக்கொண்டால், யூனிட்டுக்கு சுமார் 650 கிராம் நிலக்கரி. ஆக, உங்கள் ஒரு ராத்திரித் தூக்கத்துக்கு ஐந்து கிலோ நிலக்கரி அவுட்! அதில் கிட்டத்தட்ட ரெண்டு கிலோ சாம்பலாக மிஞ்சும். இந்திய நிலக்கரியில் சாம்பல் அவ்வளவு ஜாஸ்தி.

"பாஸ், எங்க ஹாஸ்டல்ல ஏ.சி.யே கிடையாது" என்று தப்பிக்கப் பார்க்காதீர்கள். 75 வாட்ஸ் சீலிங் ஃபேன் 13 மணி நேரம் சுத்தினால் ஒரு யூனிட். நீங்களும் கணக்கில் உண்டு.

காலேஜ் டிபேட்டில் 'நிலக்கரியா, மாற்று எரிசக்தியா?' என்று தலைப்பு கொடுத்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒருத்தர் மைக்கைப் பிடித்து, "பூமி அழிகிறது, சூரியன் இலவசம்" என்பார். அடுத்தவர், "நிலக்கரி இல்லேன்னா நாளைக்கே இருட்டு" என்பார். ரெண்டு பேருக்கும் கைதட்டல் விழும். ரெண்டிலும் பாதி உண்மை இருக்கு. அந்தப் பாதிகள் எங்கே ஒட்டுகின்றன என்பதுதான் மேட்டர்.

குவித்து வைக்கலாம்... அதான் மவுசு!

முதலில் நிலக்கரிக்கு நியாயம் செய்துவிடுவோம். தமிழ்நாட்டு மண்ணில் கறுப்பு நிலக்கரி வெட்டுவதில்லை. ஒடிசாவில் இருக்கும் தால்ச்சர் சுரங்கங்களில் வெட்டி, ரயிலில் பாரதீப் துறைமுகம் கொண்டுபோய், கப்பலேற்றி எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் கொண்டு வருகிறார்கள். மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கு என்றால், கப்பலிலிருந்து இறங்கி மறுபடியும் ரயில். இவ்வளவு தூரம் ஊர் சுற்றி வந்தும் இதற்கு மதிப்பு குறையாததற்கு ஒரே காரணம், குவித்து வைத்து, வேண்டும்போது எரிக்கலாம் என்பதுதான். பதினைந்து, இருபது நாள் சரக்கு யார்டில் மலை மாதிரி கிடந்தால் இன்ஜினீயருக்கு நிம்மதி. மழையோ, காற்று இல்லாத நாளோ, நடுராத்திரியோ... அது பாட்டுக்கு எரியும்.

அதற்காக அது எப்போதும் கைவிடாது என்று அர்த்தமில்லை. 2021 அக்டோபரில் நாடு முழுக்கப் பல அனல்மின் நிலையங்களில் நாலு நாளைக்குக்கூட சரக்கு இல்லாமல் தவித்தார்களே, ஞாபகம் இருக்கா? யார்டு காலியானால் நிலக்கரியும் மேகமூட்டத்து சோலார் மாதிரிதான்.

நெய்வேலி கதை கொஞ்சம் வேற. அங்கே கிடைப்பது பழுப்பு நிலக்கரி. எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்! வெப்பமும் குறைவு. ஒரு யூனிட்டுக்கு ஒரு கிலோவுக்கு மேல் போட வேண்டும். தண்ணீரை யாராவது ரயிலேற்றி ஊர் ஊராக அனுப்புவார்களா? அதனால்தான் சுரங்கத்தின் வாசலிலேயே மின் நிலையத்தைக் கட்டினார்கள். 1962-ல் சோவியத் உதவியோடு ஓட ஆரம்பித்த அந்த முதல் அனல்மின் நிலையம் 2020 செப்டம்பர் வரை தாக்குப்பிடித்தது. நம்ம தாத்தா கல்யாணம் பண்ணின காலத்து மெஷின் நம்ம செல்போனுக்கும் சார்ஜ் போட்டிருக்கு என்றால் சும்மாவா?

உலகத்திலேயே முதன்முதலில் ஊருக்குக் கரன்ட் விற்க நிலக்கரியில் ஓடிய மின் நிலையம் லண்டன் ஹோல்பர்ன் வயடக்ட்டில் 1882-ல் தொடங்கியது. அதே பிரிட்டன் தன் கடைசி நிலக்கரி மின் நிலையத்தை 2024 செப்டம்பர் 30-ம் தேதி மூடியது. 142 வருஷத்து இன்னிங்ஸ்! 'அவங்களால முடியும்போது நம்மால முடியாதா?' என்று கேட்பதற்கு முன், அவர்களுக்கு வடகடல் எரிவாயு இருந்தது, கடலுக்குள் காற்றாலைகள் இருக்கின்றன, ஏ.சி. போடும் வீடுகள் ரொம்பக் குறைவு என்பதையும் சேர்த்துப் பார்க்கணும்.

மெகாவாட்டில் ஒரு மாயம்

2025 ஜூலையில் ஒரு செய்தி வந்தது. இந்தியாவின் மொத்த மின் நிறுவுதிறனில் பாதி, நிலக்கரி, எரிவாயு போன்றவை அல்லாத வழிகளுக்கு வந்துவிட்டது என்று. சூப்பர்தான். ஆனால் அந்தச் சமயத்திலும் நாம் உண்மையில் பயன்படுத்திய கரன்ட்டில் சுமார் 70 சதவிகிதத்துக்கு மேல் நிலக்கரியிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. ரெண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்?

பைக்கை வைத்துப் பாருங்க. மெகாவாட் என்பது ஸ்பீடோமீட்டரில் போட்டிருக்கும் அதிகபட்ச வேகம். யூனிட் என்பது ஓடிய கிலோமீட்டர். 120 வரை போகும் பைக் என்றாலும், நாள் முழுக்க ஷெட்டில் நின்றால் கிலோமீட்டர் ஏறாது. ஒரு மெகாவாட் அனல்மின் நிலையம் முழு மூச்சாக ஓடினால் ஒரு நாளில் 24 ஆயிரம் யூனிட். ஒரு மெகாவாட் சோலார் தமிழ்நாட்டு வெயிலிலேகூட சராசரியாக நாளுக்கு நாலாயிரத்திலிருந்து ஐயாயிரம் யூனிட்தான். ராத்திரி கிடையாது, காலையிலும் மாலையிலும் கொஞ்சம்தான், மேகம் வந்தால் அதுவும் போச்சு. எனவே 1,000 மெகாவாட் சோலார் திறந்தார்கள் என்று பேப்பரில் படித்தால், அதை 1,000 மெகாவாட் நிலக்கரிக்குச் சமம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு.

பேப்பரில் வரும் தலைப்புகளில் இந்த வித்தியாசத்தை யாரும் சொல்வதில்லை. சொன்னால் தலைப்பின் கெத்து குறைஞ்சிடும், என்ன செய்ய!

விலையில் சோலார் அடித்த சிக்ஸர்

2010-ல் மத்திய அரசின் சோலார் திட்டத்துக்கு முதல் ஏலம் விட்டபோது யூனிட் விலை சராசரியாக 12 ரூபாயை ஒட்டி வந்தது. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் சுமார் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சோலார் நிலையம் 2016-ல் தயாரானபோது, அதற்குப் பேசிய விலை யூனிட் 7 ரூபாய் 1 காசு. 2020 டிசம்பரில் குஜராத்தில் விட்ட ஏலத்தில்... 1 ரூபாய் 99 காசு! அதற்குப் பிறகு வந்த ஏலங்கள் 2 ரூபாய் 50 காசை ஒட்டியே ஓடுகின்றன. இன்னொரு பக்கம், புதுசாகக் கட்டப்போகும் அனல்மின் நிலையங்களுக்கு 2024, 2025-ல் சில மாநிலங்கள் விட்ட டெண்டர்களில் யூனிட் 6 ரூபாயை ஒட்டி விலை வந்தது.

அப்போ முடிஞ்சுதே கதை? நிலக்கரியை மூடிட வேண்டியதுதானே?

அங்கேதான் ஒரு ட்விஸ்ட். அந்த 2 ரூபாய் 50 காசு கரன்ட் பகல் 12 மணிக்கு வரும். நீங்கள் ஹாஸ்டல் திரும்பி லைட் போட்டு, அம்மா வீட்டில் மிக்ஸி போட்டு, அப்பா டி.வி. போட்டு, பக்கத்து வீட்டு ஏ.சி. ஓடி, தெருவிளக்கு எரியும் சாயங்காலம் ஏழு மணிக்கு அது வராது. 2024 மே 2-ம் தேதி தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டு, அதுவரை இல்லாத சாதனை படைத்தது. அந்த மாதிரி ஒரு கோடை நாளில் பகல் பாரத்தை சூரியன் கணிசமாகத் தாங்கும். ஆறு மணிக்கு மேல் அத்தனை ஆயிரம் மெகாவாட்டும் ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்துக்குள் காணாமல் போகும். தேவையோ பெரிசாகக் குறையாது. அந்த ஓட்டையை யார் அடைப்பது? இன்றைய தேதிக்கு பெரும்பாலும் நிலக்கரிதான். சூரியனை விட விலை அதிகம் என்று தெரிந்தும் நிலக்கரியை வைத்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் பகல் இல்லை, அந்தச் சாயங்காலம்தான்.

காற்று, தண்ணீர்... ரெண்டும் நம்ம ஊர் ஆளுங்க

இந்த விஷயத்தில் காற்று கொஞ்சம் நல்ல பிள்ளை. அதற்கு ராத்திரி, பகல் பேதம் கிடையாது. ஆனால் மாசம் பார்க்கும். தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு, கம்பம் கணவாய்கள் வழியாகப் பீறிட்டு வரும் மே முதல் செப்டம்பர் வரை முப்பந்தல் பக்கம் போனால், குடை கையில் நிற்காது. 1986-ல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் ஆரம்பித்த காற்றாலைகள் இன்று 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டன. சீசன் நேரத்தில் அனல்மின் நிலையங்களுக்கு, 'நீ கொஞ்சம் அடக்கி ஓடு' என்று உத்தரவு போகும். ஜனவரியில் அதே காற்றாலைகள் சில நாட்கள் பத்தில் ஒரு பங்குகூடத் தராமல் சும்மா நிற்கும்.

இதில் ஒரு வயிற்றெரிச்சல் என்னவென்றால், காற்று மிக நன்றாக அடிக்கும் இடங்களை எல்லாம் தொண்ணூறுகளில் வைத்த 225, 250 கிலோவாட் குட்டி மெஷின்கள் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. இன்றைக்கு ஒரே மெஷின் 3,000 கிலோவாட்டுக்கு மேல் தரும். பழசை எடுத்துவிட்டுப் புதுசு வைக்க தமிழக அரசு 2024-ல் கொள்கையே வெளியிட்டிருக்கிறது. ஆனால் ஒரே காட்டில் பத்து ஓனர், பத்து பத்திரம். எஸ்டேட் பங்கு பிரிக்கிற கதைதான்!

தண்ணீரைப் பற்றிச் சொல்லணும்னா, சுவிட்ச் போட்ட சில நிமிஷத்தில் முழு பவர் தரும் ஆள் அது. நீலகிரியின் பைக்காரா 1932-லிருந்து மின்சாரம் தருகிறது. பிரச்னை, தமிழ்நாட்டில் நீர்மின்சாரம் மொத்தமே 2,300 மெகாவாட் அளவுதான். அதிலும் மேட்டூர் தண்ணீரைத் திறப்பது டெல்டா விவசாயிக்காக. கரன்ட்டுக்காக அல்ல. ஜூன் 12 தண்ணீர் திறப்பைப் பார்த்து டர்பைனும் காத்திருக்க வேண்டியதுதான்.

கோயம்புத்தூர் மாவட்டம் காடம்பாறையில் ஒரு வேலை எண்பதுகளிலேயே செய்து வைத்திருக்கிறார்கள். மேலே ஓர் அணை, கீழே ஓர் அணை. கரன்ட் மிச்சம் இருக்கும்போது கீழ்த் தண்ணீரை மேலே பம்ப் பண்ணு. தேவைப்படும்போது திறந்துவிடு. 400 மெகாவாட். நூறு யூனிட் செலவழித்தால் எழுபத்தைந்து, எண்பது யூனிட்தான் திரும்பக் கிடைக்கும். 'நஷ்டம்தானே?' என்பீர்கள். மத்தியானம் மலிவான யூனிட்டைக் கொடுத்து, சாயங்காலம் கிடைக்காத யூனிட்டை வாங்குகிறீர்கள். யாருக்கு நஷ்டம்? குந்தாவிலும் 500 மெகாவாட்டுக்கு இதே மாதிரி வேலை நடக்கிறது.

எரிவாயுவும் சாயங்காலத்துக்கு நல்ல தோழன். சட்டென்று ஏறும், சட்டென்று இறங்கும். கரியமில வாயுவும் நிலக்கரியில் பாதிதான். ஆனால் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வாங்கினால் விலை மண்டையைப் பிளக்கும். அதனால் அதை இத்தோடு விடுவோம்.

பில்லில் வராத பில்

ஈ.பி. பில்லில் யூனிட்டுக்கு இவ்வளவு என்று போட்டிருக்கும். நிலக்கரி கரன்ட்டின் முழு விலை அதில் கிடையாது. மீதியை வேறு யாரோ கட்டுகிறார்கள்.

எண்ணூர் காட்டுக்குப்பத்து மீனவரிடம் கேட்டுப் பாருங்கள். வட சென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பலைத் தண்ணீரில் குழைத்து, குழாய் வழியாகச் சாம்பல் குளத்துக்கு அனுப்புவார்கள். வருஷக்கணக்காக அந்தக் குழாய் அங்கங்கே உடைந்து, சாம்பல் குழம்பு கொசஸ்தலை ஆற்றிலும் கழிமுகத்திலும் படிந்தது. ஆள் இறங்கி இறால் பிடித்த ஆழத்தில் இன்று சாம்பல் சேறு. அவர் வீட்டு ஃபேனுக்கும் உங்க வீட்டு ஃபேனுக்கும் யூனிட் ரேட் ஒன்றுதான். ஆனா அவர் கட்டுற பில் வேற.

நெய்வேலி பக்கம் போனால் நிலம். ஒரு டன் பழுப்பு நிலக்கரி எடுக்க, அதன் மேலே இருக்கும் மண்ணை அதைப்போல் பல மடங்கு வாரிக் கொட்ட வேண்டும். சுரங்கத்துக்குள் ஊறும் நிலத்தடி நீரையும் இடைவிடாமல் வெளியே இறைக்க வேண்டும். 2023 ஜூலையில் வளையமாதேவி கிராமத்தில், கதிர் வரும் பருவத்தில் நின்ற நெற்பயிருக்குள் பொக்லைன் இறங்கிய காட்சியை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். அது ஏற்கெனவே கையகப்படுத்திய நிலம் என்றது நிறுவனம். சட்டப்படி அது சரியாகவே இருக்கட்டும். இன்னும் ரெண்டு மாசத்தில் அறுக்கப்போகும் பயிரை மிதிப்பதைச் சென்னை உயர் நீதிமன்றத்தாலேயே ஜீரணிக்க முடியவில்லை. வேதனையை வெளிப்படையாகவே சொன்னது.

அடுத்தது மூச்சு. உலக அளவில் ஒரு கணக்கு உண்டு. 100 கோடி யூனிட் கரன்ட் தயாரிக்க, விபத்திலும் காற்று மாசிலும் எத்தனை உயிர் போகிறது? நிலக்கரிக்கு சுமார் 25. எரிவாயுவுக்கு சுமார் 3. நீர்மின்சாரத்துக்கு ஒன்றைச் சற்றே தாண்டும். அதுவும் 1975-ல் சீனாவில் பான்சியாவ் அணை உடைந்ததால். காற்று, சூரியன், அணு மூன்றுமே 0.1-க்குக் கீழே! செர்னோபிலையும் ஃபுகுஷிமாவையும் சேர்த்த பிறகும் அணுவுக்கு அவ்வளவுதான். நிலக்கரிக்கான இந்தக் கணக்கு ஐரோப்பிய நிலவரத்தை வைத்துப் போட்டது. சாம்பல் அதிகமுள்ள நிலக்கரியை, ஜனநெருக்கடி மிகுந்த ஊருக்குப் பக்கத்தில் எரித்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கந்தகப் புகையைக் கழுவி வெளியே விடும் கருவி உண்டு. 2015 டிசம்பரில் விதி வந்தது. கெடு தள்ளி, தள்ளி, 2025 ஜூலையில் பெரும்பாலான மின் நிலையங்களுக்கு அந்தக் கருவியே கட்டாயமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அரியர் பேப்பரைப் பத்து வருஷம் தள்ளிப்போட்டு, கடைசியில் சப்ஜெக்ட்டையே சிலபஸிலிருந்து தூக்கின மாதிரி! நம்ம யூனிவர்சிட்டிகளில் அப்படி யாரும் கருணை காட்டுவதில்லையே என்பதுதான் வருத்தம்.

புவி வெப்பத்துக்கும் ஒரு பில் இருக்கு. தயாரிப்பு முதல் கடைசி வரை எல்லாம் சேர்த்து யூனிட்டுக்கு நிலக்கரி 820 கிராம் கரியமில வாயு, எரிவாயு 490, சோலார் 48, அணு 12, காற்று 11. இது ஐ.நா.வின் காலநிலைக் குழு 2014-ல் போட்ட கணக்கு. 820-ஐயும் 11-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் போதும்.

அப்போ அணு?

கூடங்குளத்தைச் சொல்லாமல் விட்டால் டிபேட்டில் நடுவர் மார்க் போடமாட்டார். 1,000 மெகாவாட் அனல்மின் நிலையத்துக்கு நாள் ஒன்றுக்கு சுமார் 15 ஆயிரம் டன் நிலக்கரி. நாலு கூட்ஸ் வண்டி! அதே 1,000 மெகாவாட் அணு உலைக்கு வருஷத்துக்கே ஏறக்குறைய 25 டன் எரிபொருள். புகையும் கிடையாது. ஆனால் 1988-ல் சோவியத்தோடு ஒப்பந்தம் போட்டு, 2013 அக்டோபரில்தான் முதல் உலையின் கரன்ட் கம்பிக்கு வந்தது. கமுதி சோலார் நிலையத்தைச் சில மாதங்களில் கட்டி முடித்தார்கள். 2011-ல் ஃபுகுஷிமா வெடித்ததைப் பார்த்த இடிந்தகரைப் பெண்கள் பந்தலில் உட்கார்ந்து கேட்ட கேள்வி, 'இதில் செத்தவர்கள் எத்தனை பேர்?' என்ற புள்ளிவிவரக் கேள்வி இல்லை. 'நடந்தால் எங்களை எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள், கழிவை எங்கே வைப்பீர்கள்?' என்பது. அதற்கு 0.03 என்ற பதில் போதாது. இன்னொன்று, அணு உலை நாள் முழுக்க ஒரே மாதிரி ஓடத்தான் லாயக்கு. சாயங்காலம் மட்டும் ஏற்றி இறக்க அதைக் கூப்பிட முடியாது.

ஏழு மணிக்குப் போட்டி

இப்போது ஏழு மணி சீட்டுக்கு ரெண்டு பேர் அப்ளிகேஷன் போட்டிருக்கிறார்கள்.

முதல் ஆள் பேட்டரி. ரெண்டு மணி நேரம் தாங்கும் பெரிய பேட்டரிக்கு, ஒரு மெகாவாட்டுக்கு மாத வாடகை 2022 ஏலத்தில் சுமார் 10.8 லட்சம் ரூபாய். 2024 கடைசியில் வந்த ஏலங்களில் 2.5 லட்சத்துக்கும் கீழே! சோலார் பத்து வருஷத்தில் விழுந்த விலையை இவர் இரண்டரை வருஷத்தில் விழுந்து காட்டுகிறார். பகல் வெயிலைச் சேமித்து ராத்திரி ஒன்பது வரை ஓட்டுவது இனி கனவு இல்லை. ஆனால் வடகிழக்குப் பருவமழையில் மூன்று நாள் வானம் மூடிக்கொண்டால், ரெண்டு மணி நேர பேட்டரி என்ன செய்யும்? அந்தக் கேள்விக்கு யார்டில் கிடக்கும் கரி மலைதான் இன்னும் பதில்.

ரெண்டாவது ஆள், அதே நிலக்கரிதான். வேஷம் மட்டும் வேற! பகலில் சூரியனுக்கு வழிவிட்டு 55 சதவிகிதத்துக்கு இறங்கு, சாயங்காலம் முழுசாக ஏறு என்கிறார்கள். இனி 40 சதவிகிதம் வரை இறங்கப் பழகணும் என்று 2023-ல் மத்திய மின்சார ஆணையம் விதி போட்டிருக்கிறது. பாய்லருக்கு இது பிடிக்காது. தினமும் சூடாகி, ஆறி, சூடாகி, குழாய்கள் சீக்கிரம் தேயும். லாங் டிரைவுக்குச் செய்த லாரியை டவுன் பஸ் ஓட்டச் சொன்னால் எப்படி இருக்கும்? ஓடும். மெக்கானிக் செலவு எகிறும்.

இதில் உங்களுக்கு நேரடியாக ஒரு சங்கதி இருக்கு. நெய்வேலி டவுன்ஷிப்பில் மூணு தலைமுறையாக, 'அப்பா சுரங்கம், பையன் பிளான்ட்' என்று ஓடிய வீடுகள் உண்டு. ஒப்பந்தத் தொழிலாளிகளாகவே வாழ்க்கையை ஓட்டியவர்களும் உண்டு. 2020 மே, ஜூலை என்று அடுத்தடுத்து நடந்த பாய்லர் விபத்துகளில் உயிரை விட்டவர்களில் அவர்களும் அடக்கம். அதே நிறுவனம் இன்று 1,000 மெகாவாட்டுக்கு மேல் சோலாரும் வைத்திருக்கிறது. கணிசமானது விருதுநகர், ராமநாதபுரம், திருநெல்வேலி பக்கம். கமுதியில் பேனலைத் துடைப்பதுகூட ரோபோதான். சுரங்கத்தில் ஆயிரக்கணக்கில் ஆள் வேலை செய்த இடத்துக்குப் பதிலாக, முந்நூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு பொட்டல்காட்டில் செக்யூரிட்டியும் சில டெக்னீஷியன்களும். பாய்லர் படித்த சீனியர் அங்கே போய் என்ன செய்வார், நிலம் கொடுத்தவரின் மகனுக்கு எந்த ஊரில் வேலை என்பதற்கு எந்த ஏல விலையிலும் பதில் இல்லை. எலெக்ட்ரிகல், மெக்கானிகல் படிக்கிறவர்கள் அடுத்த பிளேஸ்மென்ட் சீசனில் வரும் பவர் கம்பெனிக்காரர்களிடம் இதைக் கேட்டுப் பாருங்க. கூடவே பேட்டரி, பம்ப் ஸ்டோரேஜ், கிரிட் கன்ட்ரோல் ரூம் வேலைகளுக்கு எத்தனை பேர் எடுக்கிறார்கள் என்றும் கேளுங்க. ஏழு மணி ஷிப்ட் இனி அங்கேதான்.